எம்பி3 எப்படி ஜெயித்தது? பழைய பாட்டுப் பெட்டிகள் பற்றிக் கேள்வி பதில்

பழைய பிளேயர்களைச் சேர்ப்பதும் பிரித்துப் பார்ப்பதும் எனக்குப் பல வருடப் பைத்தியம். மேஜை இழுப்பறை முழுக்க அவைதான். அதனால் வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஒலியைச் சுருக்கி ஃபைலாக்க எம்பி3-யை விட நல்ல ஃபார்மட்கள் அப்போதே இருந்தன என்கிறார்கள். உண்மையா, இல்லை சும்மா பெருமைக்குச் சொல்வதா?

உண்மைதான். எம்பி3-இன் அடிப்படை 1992-லேயே முடிவாகிவிட்டது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் குழுவினர் அதில் பெரும்பங்கு உழைத்தார்கள். ஆனால் அது எம்பெக் என்ற சர்வதேச ஒலி-ஒளித் தரத்தின் மூன்றாவது லேயர், முந்தைய லேயர்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் ஒலியை முதலில் 32 பட்டைகளாகப் பிரித்து, பிறகு ஒவ்வொன்றையும் மறுபடி பிரிக்கிற இரட்டை வேலை அதன் தலையில் விழுந்தது. 1997-இல் வந்த ஏஏசி என்ற ஃபார்மட் அந்தச் சுமையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே கட்டத்தில் பிரித்தது, அதனால் குறைந்த பிட்ரேட்டில் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் பிட்கள்) நன்றாகவே ஒலித்தது. ஜப்பானில் என்டிடி உருவாக்கிய ட்வின்விக்யூ என்று ஒன்றும் இருந்தது, விக்யூஎஃப் ஃபைல் என்றால் சிலருக்கு ஞாபகம் வரலாம். ஃபைல் சின்னது, ஆனால் என்கோடு செய்ய, அதாவது பாட்டைச் சுருக்கி ஃபைலாக்க, உட்கார்ந்தால் அந்தக் காலக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும்.

ஆனால் ஒன்று. 1997-இல் வின்ஆம்ப் என்ற பாட்டு ஓட்டும் சாஃப்ட்வேர் வந்தபிறகு எம்பி3 ஊரெல்லாம் பரவிவிட்டது. யாரிடம் வாங்கினாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் ஃபைல் கையில் இருக்கும்போது, 20 சதவீதம் சின்னதாக்கித் தருகிறேன் என்று வேறொருவன் வந்தால் யார் மாறுவார்கள்?

கேள்வி: உலகின் முதல் எம்பி3 பிளேயர் ஐபாட் தானே?

இல்லை. 1998-இல் வந்த தென்கொரியாவின் எம்பிமேன். ஐபாட் வர அதற்கப்புறம் மூன்று வருடம் ஆனது.

கேள்வி: அந்த முதல் பிளேயர்களில் 32 மெகாபைட்தான் என்று படித்தேன். அதில் என்ன பாட்டு வைப்பது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடியில் ஒலி நொடிக்கு 1411 கிலோபிட். அதை 128-க்குச் சுருக்கினால் நொடிக்கு 16 கிலோபைட், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 மெகாபைட். அப்போ 32 மெகாபைட்டில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல், ஏழெட்டுப் பாட்டு. ஒரு முழு ஆல்பம்கூட வராது. அதனால் பலர் 64-க்குச் சுருக்கி ஒரு மணி நேரம் ஆக்கிக்கொண்டார்கள், தாளத்தட்டெல்லாம் தண்ணீருக்குள் இருந்து தட்டுவதுபோல் கேட்கும். அது வேண்டாம் என்றால் மெமரி கார்டு வாங்கிச் செருக வேண்டும், கார்டு விலையைப் பார்த்தால் பாட்டே வேண்டாம் என்று தோன்றும். அவ்வளவு குறைந்த இடத்துக்குத்தான் இவ்வளவு பெரிய ஃபார்மட் சண்டை நடந்தது என்பதை மறக்கக் கூடாது. இடம் பஞ்சமாக இருந்தவரைதான் ஒவ்வொரு கிலோபிட்டுக்கும் மதிப்பு.

கேள்வி: மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஃபார்மட்டான டபிள்யூஎம்ஏ 64-லேயே சிடி தரம் என்றார்களே?

விளம்பரத்தில் சொன்னார்கள். 64-இல் எம்பி3-யை விடச் சுத்தமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்வேன். சிடி தரமா? கைத்தட்டலும் ஜால்ராவும் வரும் ஒரு பகுதியை ஹெட்ஃபோனில் கேளுங்கள், அந்த உலோகச் சலசலப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ரியோ பிளேயர் மீது வழக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எதற்கு சார்?

1998-இல் டயமண்ட் மல்டிமீடியா கம்பெனி ரியோ பிஎம்பி300 என்ற பிளேயரைக் கொண்டுவந்தது. விலை 200 டாலர், ஒரே ஒரு பேட்டரி போதும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் உடனே கோர்ட்டுக்குப் போனது. 1992-இல் அங்கே ஒரு சட்டம் வந்திருந்தது: டிஜிட்டலில் இசையைப் பதிவுசெய்யும் கருவி என்றால், நகலுக்கு நகல் எடுக்காதபடி தடை வைக்க வேண்டும், ராயல்டியும் கட்ட வேண்டும். ரியோவும் அதில் அடக்கம் என்பது அவர்கள் வாதம்.

1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோ பக்கம் நின்றது. காரணம் வேடிக்கையானது. ரியோ பாட்டை எடுப்பது கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில் இருந்து, ஹார்ட் டிஸ்க் என்பது அந்தச் சட்டம் சொல்லும் இசைப்பதிவு அல்ல, அதனால் ரியோ அந்தச் சட்டத்துக்குள் வராது என்றார்கள். ஏற்கெனவே தன்னிடம் உள்ள பாட்டை ஒருவர் இடம் மாற்றிக் கேட்பதுதான் இது என்றும் சொன்னார்கள். தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் இன்று நம் பையில் இருப்பது என்னவாக இருந்திருக்குமோ.

கேள்வி: வாக்மேன் கண்ட சோனி எப்படி இதில் கோட்டைவிட்டது? அண்ணா, இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. சோனியிடம் இல்லாதது எதுவும் இல்லை. 1992-லேயே மினிடிஸ்க் என்ற சின்னத் தட்டை விட்டுவிட்டார்கள், அதற்கென்றே ஏட்ராக் என்ற சுருக்கும் முறையும் சொந்தமாக வைத்திருந்தார்கள், சின்னதாக அழகாகச் செய்வதில் அவர்களை அடிக்க ஆள் கிடையாது. 1999-இல் மெமரி ஸ்டிக் வாக்மேனும் வந்தது, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் அதே கம்பெனி இசைத்தட்டுகளும் விற்றது. ஒரு கை பிளேயர் செய்கிறது, மறு கை அதைப் பிடித்து இழுக்கிறது.

விளைவு? உங்களிடம் உள்ள எம்பி3-யை அப்படியே போட முடியாது. அவர்களுடைய சாஃப்ட்வேர் அதை ஏட்ராக்3-ஆக மாற்றி, இஷ்டத்துக்கு நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டு, அப்புறம்தான் அனுப்பும். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கினால் தரம் இன்னும் இறங்கும், நேரமும் போகும். பிளேயருக்கு அனுப்பிய பாட்டைத் திரும்ப ‘செக் இன்’ செய்வது என்று நூலகப் புத்தகம் மாதிரி ஒரு சடங்கு வேறு. 2004 இறுதியில்தான் எம்பி3-யை நேரடியாக ஓட்ட இறங்கிவந்தார்கள். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் பிளேயர்கள் ஐபாடுக்கு முன்பே இருந்தனவே, அவை ஏன் நிற்கவில்லை?

இருந்தன. 2000-இல் கிரியேட்டிவ் விட்ட நோமட் ஜூக்பாக்ஸில் 6 ஜிகாபைட், 2001 அக்டோபரில் அறிவித்த முதல் ஐபாடில் 5 தான். ஆனால் நோமட் சிடி பிளேயர் அளவுக்குத் தடிமன், பாக்கெட்டில் போட முடியாது. ஆப்பிளுக்கு டோஷிபாவின் 1.8 அங்குல டிஸ்க் கிடைத்தது. இன்னொன்று கேபிள். மற்றவர்கள் பழைய யுஎஸ்பியில் நொடிக்கு 12 மெகாபிட்டோடு மல்லுக்கட்டும்போது இவர்கள் ஃபயர்வயர் வைத்து 400 என்றார்கள். அந்த யுஎஸ்பியில் 5 ஜிகாபைட் நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முதல் ஐபாடைப் பிரித்தபோது நான் ரசித்தது வேறு. உள்ளே 32 மெகாபைட் மெமரி, அடுத்த சில பாட்டுகளை அதில் ஏற்றிவிட்டு டிஸ்க் தூங்கப் போய்விடும், பேட்டரி மிச்சம். ரியோவில் மொத்தப் பாட்டுக்கும் இருந்த இடம் இங்கே வெறும் காத்திருப்பு அறை!

கேள்வி: ஏஏசி என்றால் ஆப்பிள் ஃபார்மட் தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஃபிரான்ஹோஃபர், டால்பி, ஏடி அண்ட் டி, சோனி எல்லாரும் சேர்ந்து உருவாக்கியது. 2003-இல் ஐடியூன்ஸ் கடை அதில் பாட்டு விற்றதால் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கடையின் பூட்டுதான் ஆப்பிளுடையது, அதையும் 2009-இல் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: ஆக் வார்பிஸ் என்ற ஃபார்மட் இலவசம், தரமும் அதிகம். அப்படியிருந்தும் பிளேயர்களில் ஏன் வரவில்லை?

எம்பி3-க்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்டு 1998-இல் ஃபிரான்ஹோஃபர் கடிதம் அனுப்ப ஆரம்பித்ததும் சூடுபிடித்த வேலை அது. முதல் முழுப் பதிப்பு 2002 ஜூலையில்தான் வந்தது. அந்தக் காலப் பிளேயர் சிப்கள் முழு எண் கணக்குதான் போடும், வார்பிஸின் டிகோடரோ (ஃபைலை மறுபடி ஒலியாக்கும் நிரல்) தசமக் கணக்கில் எழுதப்பட்டது. ட்ரெமர் என்ற முழு எண் டிகோடர் அப்புறம் வந்தது, ஐரிவர் மாதிரி சில பிளேயர் கம்பெனிகள் சேர்த்துக்கொண்டன. ஆனால் கடையில் வாங்க வருபவர் யாரும் அதைக் கேட்கவில்லையே.

கேள்வி: பூட்டுப் போட்ட பாட்டு என்றால் அவ்வளவு மோசமா?

என் கதையைச் சொல்கிறேன். ஓர் ஆன்லைன் கடையில் காசு கொடுத்து நாற்பது பாட்டு வாங்கினேன், டபிள்யூஎம்ஏ. ஒழுங்காக பேக்கப்பும் எடுத்தேன். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிட்டுத் திறந்தால் உரிமம் இல்லை என்கிறது. ஃபைல் இருக்கிறது, சாவி போய்விட்டது. கடைக்கு எழுதினேன், பதிலே வரவில்லை. காசு கொடுக்காமல் எடுத்த நண்பனின் எம்பி3 மட்டும் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது.

2004-இல் மைக்ரோசாஃப்ட் ‘ப்ளேஸ்ஃபார்ஷ்யூர்’ என்று முத்திரை கொடுத்தது, உறுதியாக ஓடும் என்று அர்த்தம். 2006-இல் அவர்களே விட்ட ‘சூன்’ (Zune) என்ற பிளேயரில் அந்தப் பாட்டுகள் ஓடவில்லை. இதற்குமேல் நான் என்ன சொல்ல.

கேள்வி: என்னிடம் உள்ள 128 எம்பி3-களை ஃப்ளாக் (ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபார்மட்) ஆக மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. ஃபைல்தான் வீங்கும். போன ஒலி போனதுதான்.

கேள்வி: நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஒரு சின்ன வெட்டு விழுகிறதே, என் பிளேயர் கோளாறா?

பெரும்பாலும் ஃபார்மட்டின் குணம். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்) கொண்ட கட்டங்களாக அடுக்குகிறது. பாட்டு கட்டத்தின் நடுவில் முடிந்தால் மீதியை நிசப்தத்தால் நிரப்பும், ஆரம்பத்திலும் கொஞ்சம் சேரும். லேம் என்ற எம்பி3 ஆக்கும் சாஃப்ட்வேர் எவ்வளவு சேர்த்தது என்று ஃபைலுக்குள்ளேயே குறித்துவைக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர் என்றால் வெட்டு தெரியாது. லேம் கொண்டு சிடியில் இருந்து மறுபடி எடுத்துப் பாருங்கள், அப்படியும் விழுந்தால் பிளேயரை மாற்ற வேண்டியதுதான்.