பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்: வீட்டுத் தோட்டா இருப்பு, கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ரேஞ்சில் சுட்டுப் பழக வீட்டில் எந்தத் தோட்டாவை வைத்துக்கொள்வது, எவ்வளவு வைத்துக்கொள்வது. உங்கள் உரிமத்தில் எண்ணிக்கை வரம்பு இருந்தால் முதல் பதில் அதுதான். கீழே நான் போடுகிற கணக்கெல்லாம் அந்த வரம்புக்குள்தான்.

கேள்வி: புதிதாக .22 போல்ட் ரைஃபிள் வாங்கியிருக்கிறேன். 50 மீட்டரில் பேப்பர் டார்கெட் சுடுவதுதான் நோக்கம். ஒரே வகையில் 5,000 தோட்டா வாங்கினால் விலை நன்றாகக் குறையும் என்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். .22 குழல் ஒவ்வொன்றுக்கும் தனி ருசி உண்டு. பக்கத்து லேன்காரரின் ரைஃபிளில் ஒரே ஓட்டையாக விழுகிற தோட்டா, அதே மாடல் ரைஃபிளான உங்களுடையதில் சிதறிப் போகலாம். எனவே முதலில் நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி, அதாவது வகைக்கு ஐம்பது, வாங்குங்கள். ரைஃபிளை மணல் மூட்டையில் நன்றாக ஊன்றி, வகைக்கு ஐந்து தடவை ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முந்தைய தோட்டாவின் மெழுகு குழலில் ஒட்டியிருக்கும். புதியதன் மெழுகு படிந்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

50 மீட்டர் பேப்பருக்கு 40 கிரெயின் (குண்டின் எடை அலகு) ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போதும். அது குழலை விட்டுக் கிளம்பும்போது வேகம் விநாடிக்கு 325 மீட்டர் போல இருக்கும். ஒலியின் வேகம் 340. ஹை வெலாசிட்டி 380 வரை போகும். ஆனால் போகிற வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது தள்ளாடும். பெட்டியின் மேல் வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

உங்கள் ரைஃபிளுக்குப் பிடித்தது எது என்று தெரிந்த பிறகு, பெட்டியின் மடிப்பில் அச்சடித்திருக்கும் லாட் நம்பரை, அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண்ணை, குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே பிராண்ட், அதே பெயர், ஆனால் வேறு லாட் என்றால் அதை வேறு தோட்டாவாகத்தான் நினைக்க வேண்டும். வாரம் நூறு சுடுகிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஆயிரத்து முன்னூறு ஆகும். ஆயிரத்து ஐநூறு வையுங்கள். ஒரே லாட்டில் ஆயிரத்து ஐநூறு இருப்பது, பத்து லாட்டில் ஐயாயிரம் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: பழகுவதற்கு எந்தத் தோட்டா நல்லது?

பதில்: எந்தத் துப்பாக்கிக்கு? என்ன கேலிபர் (குழலின் உள்விட்டம்), எத்தனை மீட்டர், ரைஃபிளா பிஸ்டலா, ஒன்றையும் எழுதவில்லை. குழலின் மேல் பொறித்திருப்பதை எழுத்து விடாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறேன். கூர் முனை, உருண்டை முனை, தட்டை முனை என்று பெல்லட்டில் (ஏர் ரைஃபிளின் சின்ன ஈயக் குண்டு) பல வகை இருக்கின்றன. எதை வாங்கி வைப்பது?

பதில்: தட்டை முனை, 4.5 மி.மீ., அரை கிராம் எடைக்குப் பக்கத்தில். பேப்பரில் வட்டமாக, பிசிறில்லாமல் ஓட்டை போடுவது அதுதான். 10 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அங்கே கிழிசல் ஓட்டைக்கு இடமில்லை. தலையளவு 4.49, 4.50, 4.51 என்று வரும். மூன்றையும் சோதித்து, ஒன்றில் நில்லுங்கள். போட்டிக்கு 60, அதற்கு முன் பார்வை சரிபார்க்க ஓர் இருபது என்று வைத்தால் 500 உள்ள ஒரு டின் ஆறு நாள் வரும். நாலு டின் இருந்தால் கவலையில்லாமல் பழகலாம். டின்னைக் கீழே போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் பாவாடை போல விரிந்திருக்கும் ஈய ஓரம் நசுங்கிவிட்டால் அந்த பெல்லட் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இரும்புக் குண்டுகளை, உள்ளே சுழல்வரி வெட்டிய வரிக்குழலில் போடவே கூடாது.

கேள்வி: மாமாவின் 12 போர் துப்பாக்கி முறைப்படி என் பெயருக்கு மாறிவிட்டது. கூடவே ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையத் தோட்டாக்கள் கொடுத்தார். பல நிறம், பெட்டி எதுவும் இல்லை. ட்ராப் (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் ஆட்டம்) பழகும்போது அதையே சுட்டுத் தீர்த்துவிடலாமா?

பதில்: கூடாது. அதில் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள்.

இருபது வருடமாக நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போன விஷயம் இது. தோட்டாவை அதன் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள். பெட்டிதான் அதன் பிறப்புச் சான்றிதழ். கேலிபர், நீளம், எடை, லாட் எல்லாம் பெட்டியில்தான் முழுதாக இருக்கும். டின்னில் கொட்டிய நிமிடமே அந்தத் தகவல் போய்விடுகிறது.

நான் பயிற்சி கொடுக்கும் ரேஞ்சுக்கு இப்படித்தான் ஒருவர் துணிப்பையில் தோட்டா அள்ளிக்கொண்டு வந்தார். 12 போர் இரட்டைக் குழல். ஒன்றைப் போட்டார், மூடினார், தட்டைக் கூப்பிட்டார், விசையை இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திறந்து பார்த்தார், தோட்டா உட்காரும் சேம்பர் காலி. போட மறந்துவிட்டோம் போல என்று நினைத்துப் பையில் கைவிட்டு இன்னொன்றை எடுத்துவிட்டார். பின்னால் நின்ற நான் போட்ட சத்தத்தில் மூன்று லேனும் நின்றது. துப்பாக்கியை வாங்கி, மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது குழலில் வானம் தெரிந்தது. வலது குழலில் இருட்டு. முன்பக்கமாக ஒரு மரக்கழியை விட்டு மெதுவாகத் தள்ளினேன். மஞ்சள் நிறத்தில் ஒரு 20 போர் தோட்டா கையில் வந்து விழுந்தது.

20 போர் தோட்டா 12 போரைவிட மெலிதானது; 12 போர் சேம்பரில் அது நிற்காது. உள்ளே வழுக்கிப் போய், சேம்பர் முடிந்து குழல் குறுகுகிற இடத்தில் அதன் விளிம்பு மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் காலி போலவே தெரியும். அதன் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். எங்கே? இடது கை பிடித்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். இந்த ஆபத்துக்காகத்தான் பெரும்பாலான கம்பெனிகள் 20 போருக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுக்கின்றன. ஆனால் பழைய டின்னில் கிடப்பதற்கு அந்த நிறக் கணக்கை நம்ப முடியாது.

அப்புறம் நீளம். 12 போரிலேயே 65, 70, 76 மி.மீ. என்று உண்டு. தோட்டாவின் மேல் எழுதியிருப்பது, சுட்ட பிறகு வாய் மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத 76 மி.மீ. தோட்டாவின் மடிப்பு உள்ளே மடங்கியிருப்பதால் 70 மி.மீ. சேம்பரில் அது சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். “உள்ளே போயிற்றே, அப்படியானால் சரிதான்” என்பது பலர் சொல்லும் வாதம். உள்ளே போவது ஒரு சான்றே இல்லை. .22 மேக்னம் சேம்பரில் அதைவிட மெலிதான .22 எல்.ஆர். உள்ளே போகும்; தளர்வாக உட்கார்ந்து கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) பிளக்கும். தடித்த குண்டுள்ள .300 பிளாக்அவுட் தோட்டா, .223 ரைஃபிளின் மேகசினில் அழகாக அடுக்கும். சேம்பரிலும் சில சமயம் ஏறிவிடும். சுட்டால் ரைஃபிள் சிதறும். குழலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், தோட்டாவின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

அந்த டின்னை என்ன செய்வது? உரிமம் பெற்ற டீலருக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ முதலில் போன் செய்து, எப்படிக் கொண்டுவரலாம் என்று கேட்டுவிட்டு ஒப்படையுங்கள். உங்கள் உரிமத்தில் இல்லாத வகை ஏதாவது அதில் கிடந்தால் அது தனிச் சிக்கல். எனவே நாள் கடத்த வேண்டாம். துப்பாக்கியையும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டி சேம்பர் நீளத்தை அளந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ட்ராப்புக்கு நீங்கள் வாங்க வேண்டியது உங்கள் சேம்பர் நீளத்துக்கு ஏற்ற, 24 அல்லது 28 கிராம் ரவை (சிறு குண்டுகள்) உள்ள தோட்டா. ரவையின் விட்டம் 2.4 மி.மீ. பெட்டியில் போட்டிருக்கும் ரவை எண்ணை நம்பி வாங்காதீர்கள்: அமெரிக்கப் பெட்டியில் ஏழரை என்றிருப்பதும் இங்கிலாந்துப் பெட்டியில் ஏழு என்றிருப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான். மில்லிமீட்டரைப் பாருங்கள். ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு. இரண்டாவது குழலையும் பயன்படுத்துகிற ஆட்டத்தில் ஐம்பது வரை செலவாகும். வீட்டில் 250 உள்ள ஓர் அட்டைப்பெட்டி போதும், உள்பெட்டிகளோடு, அப்படியே.

கேள்வி: 5.56 என்று எழுதிய தோட்டாவை .223 ரைஃபிளில் சுடலாமா?

பதில்: கூடாது. 5.56 ரைஃபிளில் .223 சுடலாம், மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு; மாற்றிச் செய்தால் அழுத்தம் வரம்பைத் தாண்டலாம். வீட்டில் .223 மட்டும் வாங்கி வைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: பதினைந்து வருடப் பழைய தோட்டாக்கள் இரண்டு பெட்டி இருக்கின்றன. இன்னும் நல்லபடியாக இருக்குமா?

பதில்: வயதைவிட அது எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். குளுமையும் ஈரமின்மையும் உள்ள இடத்தில், வெப்பநிலை ஏறி இறங்காமல் இருந்தால் பல பத்தாண்டு தாங்கும். வெயில் காய்கிற மாடியறையில் இருந்தால் வெடிமருந்து கெடும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள்: பித்தளையில் பச்சைப் பூப்பு, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைச் சுற்றித் துரு, விரலால் திருகினால் சுற்றுகிற புல்லட் (முனையில் உள்ள குண்டு), இதில் எது இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். பழைய தோல் பெல்ட்டில் செருகி வைத்தவற்றில் பச்சை அதிகம் பிடிக்கும். தோல் பதனிடும் ரசாயனம் பித்தளைக்கு ஆகாது. துரு போகட்டும் என்று ஊடுருவும் எண்ணெய் அடிக்காதீர்கள். அது பிரைமருக்குள் போய் அதைச் செத்துப்போக வைக்கும். ரப்பர் வளையம் வைத்த இரும்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், வெளியே வாங்கிய மாதமும் வருடமும். பழையதை முதலில் சுடுங்கள். இதிலும் அதே பேச்சுதான்: இரும்புப் பெட்டிக்குள் அட்டைப்பெட்டியோடு வையுங்கள், கொட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: மலிவாக ராணுவ உபரித் தோட்டா கிடைக்கிறது. பழக அதுவே போதாதா?

பதில்: இரண்டு விஷயம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு காந்தத்தை புல்லட்டின் அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் பல உள்ளரங்க ரேஞ்சுகளில் அனுமதி கிடையாது, குண்டைத் தடுக்கும் இரும்புத் திரை கெட்டுவிடும், தீப்பொறி வரும். அடுத்து, பழைய உபரியில் பல அரிப்பு பிரைமர் வகை. சுட்டபின் குழலில் உப்பு தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளிலேயே துருப்பிடிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதற்குப் பிறகுதான் எண்ணெய். அன்றைக்கே இதைச் செய்கிற பொறுமை இருந்தால் வாங்குங்கள். அடுத்தவர் வீட்டில் மறுநிரப்பு செய்த தோட்டா மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. உடனே எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டுச் சுட்டேன். சரிதானே?

பதில்: தவறு. தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. குழலை டார்கெட் பக்கமே வைத்து முப்பது விநாடி முழுதாக எண்ணுங்கள். அதற்குப் பிறகு எடுங்கள். வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக ‘புஸ்’ என்று கேட்டால் இன்னும் மோசம். புல்லட் குழலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுடாமல், காலி செய்து, குழலுக்குள் பாருங்கள். வெடிக்காததை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். ரேஞ்சில் அதற்கென்று பெட்டி இருக்கும்.

கேள்வி: 9 எம்.எம். பிஸ்டலுக்கு 115, 124, 147 கிரெயின் என்று இருக்கிறது. எதை இருப்பு வைப்பது?

பதில்: பேப்பருக்கு 115 அல்லது 124, பிஸ்டலோடு வந்த கையேடு அனுமதிப்பதில் மலிவானது. எது தடங்கலில்லாமல் இருநூறு சுடுகிறதோ அதில் ஐநூறு வையுங்கள். ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்காதீர்கள். புல்லட் கேஸுக்குள் அமுங்கும், அழுத்தம் கூடும்.

கேள்வி: வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. துப்பாக்கி பூட்டில் இருக்கிறது. தோட்டாவை மேல் அலமாரியில் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, துப்பாக்கிப் பூட்டின் சாவியோடு சேராத தனிச் சாவி. அப்புறம் ஈயம்: ரேஞ்சிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்குவதற்கு முன் சோப்பு போட்டுக் கையையும் முகத்தையும் கழுவுங்கள், சட்டையை மாற்றித் தனியாகத் துவையுங்கள். ஈயத்தூள் பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும்.

கேள்வி: வாரம் மூன்று நாள் ரேஞ்சுக்குப் போகிறேன். தோட்டாவைக் காரின் டிக்கியிலேயே வைத்திருந்தால் என்ன?

பதில்: வைக்காதீர்கள். மூடிய காரின் சூடு, இரவின் குளிர், திருட்டு, மூன்றும் இருக்கிறது. அன்றைக்குச் சுடப்போவதை மட்டும் எண்ணி எடுத்துப் போங்கள், பெட்டியோடு.