எட்டு மாத அசதி, வந்து வந்து போகும் காய்ச்சல்

சகோ, எட்டு மாசமா அசதி, அடிக்கடி காய்ச்சல், தண்டையார்பேட்டை டாக்டர் "ரத்தம் நார்மல்" என்று அனுப்பிவிட்டார் என்கிறீர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துக் கையிருப்பு) குறைந்திருந்தால் ஆளைச் சோர்வாக்கிப் போடும். அந்தப் பரிசோதனையைக் காய்ச்சல் இல்லாத நாளில் எடுங்கள். காய்ச்சலில் அது ஏறிக் காட்டும். கூடவே டிஎஸ்எச் (தைராய்டு), வைட்டமின் பி12, மூன்று மாத சராசரி சர்க்கரை, இஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது). எடை குறைகிறதா, ராத்திரி வியர்க்கிறதா? அப்படியானால் டிபி பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்; அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பொது மருத்துவ ஓபிக்குக் (புறநோயாளிகள் பிரிவு) காலையிலேயே போய்ச் சீட்டு போடுங்கள். காய்ச்சல் வந்த தேதி, எத்தனை டிகிரி, என்ன மாத்திரை, எல்லாம் ஒரே தாளில். அந்தக் கூட்டத்தில் கதை சொல்ல நேரம் கிடைக்காது. மெடிக்கலில் நீங்களாக வாங்கும் ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம், கல்ச்சரில் (ரத்தம் போன்றவற்றில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிருமி சிக்காமல் போகும். ஒருநாள் உழைத்தால் மறுநாள் எழவே முடியவில்லையா? அதையும் சொல்லுங்கள். "டென்ஷன்தான்" என்றால் விடாதீர்கள்.