மலை ஏறும்போது மட்டும் ஏன் மிஸ் ஆகிறது?

(செங்கோட்டையில் கொல்லம் ரோட்டில் முப்பது வருடமாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணாச்சி, என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், 2014 மாடல். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆரியங்காவில் இருந்து தென்காசிக்கு வாரம் மூன்று தடவை வருகிறேன். இறங்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பும்போது புளியரை தாண்டி எஸ் வளைவில் மூன்றாம் கியரில் மிதித்தால் வண்டி தட்டித் தட்டி ஏறுகிறது. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுகிறது. சமதளம் வந்ததும் சரியாகிவிடும். மழை நாளில் ரொம்ப மோசம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். எட்டாயிரம் ரூபாய் போனதுதான் மிச்சம்.
- ஆரியங்காவு வாசகர்

பதில்: தம்பி, காசு போனதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த லைட். அது நின்று எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள் என்று அர்த்தம். மின்னினால் அந்த நிமிடமே காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பகுதி அந்தச் சூட்டில் உருகிவிடும். பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு அதைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். இரண்டாம் கியருக்கு மாற்றி மெதுவாக ஏறுங்கள். அப்படியும் மின்னினால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

இப்போது, மலையில் மட்டும் ஏன்? நீங்கள் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறைய போகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் முனையில் பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, காயிலில் இருந்து பிளக் மேல் மாட்டும் ரப்பர் கீறியிருந்தாலோ, கரண்ட் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் இன்ஜின் ஹெட்டுக்குத் தாவிவிடும். சமதளத்தில் குறைந்த வோல்டேஜே போதும் என்பதால் தப்பித்துக்கொள்கிறது. சாரல் ஈரம் சேர்ந்தால் பக்கவாட்டு வழி இன்னும் சுலபம். நீங்கள் எழுதிய மூன்றும், அதாவது ஏற்றம், மிதித்தல், மழை, ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. என் சந்தேகம் முதலில் பிளக், காயில் மேல்தான்.

பம்ப் பலவீனமானாலும் ஏற்றத்தில்தான் தெரியும். ஆனால் அதன் குணம் வேறு. பம்ப் கோளாறில் வண்டி பெரும்பாலும் தட்டாது. மூச்சு வாங்குகிற மாதிரி மொத்தமாகச் சோர்ந்துவிடும். என் ஷெட்டுக்கு வரும் மலையாள டிரைவர்கள் இதைச் சரியாகப் பிரித்துச் சொல்வார்கள். ‘வண்டி வலிக்குந்நில்லா’ என்றால் இழுவை இல்லை. நான் பம்பைப் பார்ப்பேன். ‘மிஸ்ஸிங் உண்டு’ என்றால் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு வேலை செய்கிறது, பிளக்கைப் பார்ப்பேன். நீங்களும் மெக்கானிக்கிடம் ‘பிக்கப் இல்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது, எந்தக் கியரில், மழையா வெயிலா, இன்ஜின் சூடா குளிரா என்று எனக்கு எழுதிய மாதிரியே சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பி0300 என்று வந்தால் எந்த சிலிண்டர் என்று நிலையாகத் தெரியவில்லை, மாறி மாறி மிஸ் ஆகிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0302 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உடனே புதுக் காயில் வாங்கக் கூடாது. இரண்டாம் காயிலைக் கழற்றி மூன்றில் போடுங்கள், மூன்றை இரண்டில் போடுங்கள். ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்துவிட்டு அதே மலையில் ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. அதே 0302 வந்தால் காயிலை விட்டுவிட்டு இதே மாதிரி பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதிலும் நகரவில்லை என்றால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். கடைசியாகத்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை அழுத்தும் பலம். காயில் மாற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும், பைசா செலவில்லை. இதைச் செய்யாமல் பம்பைக் கழற்றியதுதான் எனக்கு வருத்தம்.

போன வாரம் தென்மலையில் இருந்து இதே குறையோடு ஒரு கார் வந்தது. இரண்டாம் காயிலைத் தூக்கும்போதே பிளக் இருக்கும் குழியில் ஒட்டிக்கொண்டு ‘சப்’ என்று சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக்கைச் சுற்றித் துருக் கலங்கிய தண்ணீர், ஒரு டீஸ்பூன் இருக்கும். ஏர் அடித்துக் காய வைத்த பிறகுதான் பிளக்கைக் கழற்றினேன். ஈரத்தோடு கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கரண்ட் வெளியே ஓடிய தடம் அது. துடைத்தால் போகாது. அதற்கு நேராக ரப்பரின் உள்பக்கமும் அதே கோடு. இப்படி இருந்தால் பிளக், ரப்பர் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுத்துவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இலைச் சருகு அடைத்து, வடிய வேண்டிய மழைத் தண்ணீர் இன்ஜின் மேல் சொட்டியிருக்கிறது. நம் மலையோர வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சாரலுக்கு முன்னால் கையை விட்டுச் சருகை அள்ளிப் போட்டுவிடுங்கள். வாட்டர் வாஷில் இன்ஜின் மேல் பிரஷராக அடிக்க விடாதீர்கள். குழியில் தண்ணீருக்குப் பதில் ஆயில் இருந்தால் மேல் கவர் கேஸ்கெட் போய்விட்டது.

92,000 கிலோமீட்டரில் பிளக் எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. சாதாரண பிளக் என்றால் முப்பது, நாற்பதாயிரத்தில் மாற்ற வேண்டியது. இரிடியம் போட்ட வண்டி என்றால் லட்சம் வரைகூடத் தாங்கும். உங்கள் வண்டிக்கு எது, இடைவெளி எவ்வளவு என்று புத்தகத்தில் இருக்கும். புதுப் பிளக்கை ஆறிய இன்ஜினில், முதல் சில சுற்று விரலாலேயே திருகச் சொல்லுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய வேலை.

கேள்வி: மகன் கத்தாரில் இருக்கிறான். அவன் கார் பத்து மாதமாக வீட்டு வாசலில் நிற்கிறது. போன வாரம் பேட்டரி மாற்றி ஸ்டார்ட் செய்தோம். வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடி, நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?
- கடையநல்லூர் வாசகி

பதில்: அம்மா, மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டாம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் பெட்ரோலில் இருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஐந்து லிட்டர் ஊற்றச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் பானட்டைத் திறந்து எலி பார்க்கச் சொல்லுங்கள். கழுதுருட்டியில் இருந்து வந்த ஒரு காரில் இன்ஜின் மேல் இரண்டு கை நிறைய ரப்பர் கொட்டை சேர்த்து வைத்திருந்தது எலி. பக்கத்திலேயே ஒரு இன்ஜெக்டர் வயரைப் பாதிக்கு மேல் கடித்திருந்தது. ஒரு இழை செம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்ததால் வண்டி சில நேரம் நன்றாக ஓடும், சில நேரம் மிஸ் ஆகும். உங்கள் ஊரில் ரப்பர் இல்லை, ஆனால் வாசலில் நிற்கும் வண்டிக்கு எலி வராத ஊர் இல்லை. கடித்த வயருக்கு டேப் மட்டும் சுற்றினால் போதாது, சால்டர் வைத்து ஸ்லீவ் போட வேண்டும்.

கேள்வி: டீசல் பிக்கப். அச்சன்கோவில் பக்கம் லோடு அடிக்கிறேன். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்து பார்த்தால் எது என்று தெரியும் என்கிறார்கள். நானே பார்க்கலாமா?
- மேக்கரை வாசகர்

பதில்: கூடாது. தயவுசெய்து செய்யாதீர்கள். அது பழைய ஜீப் காலத்து முறை. அந்த இன்ஜின்களில் நானும் அப்படித்தான் பார்த்தேன். இன்றைய காமன் ரயில் டீசலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் இருந்து டீசல் போகும் இன்ஜினில், அந்தப் பைப்புக்குள் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். ஒரு கார் டயரில் இருப்பது இரண்டு, மூன்று பார்தான். நட்டு லூஸ் ஆனால் ஊசி மாதிரி பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அடித்தது என்று சொல்ல வேண்டும். ஸ்கேனரிலேயே எந்த சிலிண்டர் என்று தெரியும். ரிட்டர்ன் டீசல் டெஸ்ட் எடுத்தால் எந்த இன்ஜெக்டர் அதிகம் கசிகிறது என்பது பாட்டிலில் அளந்த மாதிரி தெரிந்துவிடும். டீசல் ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். அதை மட்டும் நீங்களே இன்ஜினை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கலாம்.

கேள்வி: மூன்று சிலிண்டர் சின்னக் கார். சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஓடும்போது பஞ்சு மாதிரி இருக்கிறது. லைட் எதுவும் வரவில்லை. இதுவும் மிஸ்ஸிங்தானா?
- தென்காசி வாசகி

பதில்: பெரும்பாலும் இல்லை, தங்கச்சி. சைலன்ஸர் முனைக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்று ஒரே தாளத்தில் வந்தால் மிஸ்ஸிங் இல்லை. நடுவே நடுவே ஒரு அடி விடுபட்டால் மிஸ்ஸிங். தாளம் சரியாக இருந்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரையும், இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடியில் கரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர் வண்டியில் நாலு சிலிண்டரைவிடக் கொஞ்சம் நடுக்கம் இருக்கத்தான் செய்யும். ஏசி போட்டதும் நடுக்கம் கூடுகிறதா என்று கவனித்து எழுதுங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.