‘சரி’ என்றதும் வருகிற நிம்மதி

கேள்வி: எனக்கு வயது 32. ஈரோட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. யார் எதைக் கேட்டாலும் மறுக்க முடிவதில்லை. மாதக் கடைசியில் அடுத்தவர் வேலையும் என் மேசைக்கு வந்துவிடும். புடவை எடுத்தால்கூட நாலு பேருக்குப் படம் அனுப்பி, நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பில் போடுகிறேன். யாராவது முகம் சுளித்தால் நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, தூக்கம் போய்விடுகிறது. ஆறு மாதமாக இப்படித்தான். இசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக இருக்கிறதாம். தோழி கொடுத்த தூக்க மாத்திரையில் எப்போதாவது பாதி போடுகிறேன். இது இதய நோயா, மனநோயா?

பதில்: உங்கள் படபடப்பு கற்பனை இல்லை. எதிரில் இருப்பவர் முகம் மாறியதும் உங்கள் உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, குடலும் கலங்குகிறது. நீங்கள் சொல்வது பதற்றத்தின் அறிகுறிகள் போலத்தான் தெரிகிறது. ஆனாலும், படி ஏறும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

‘சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை’ என்ற பாராட்டிலேயே வளர்ந்த பெண்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, ‘சரி’ என்று சொன்ன மறுநிமிடம் கிடைக்கிற நிம்மதியை. பழக்கத்தை வளர்ப்பதே அதுதான். ஒவ்வொரு முறை தலையாட்டும்போதும், ‘மறுத்திருந்தால் ஏதோ நடந்திருக்கும், தப்பித்தோம்’ என்று மூளை பதிந்துகொள்கிறது. மறுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அதனால் நாளையிலிருந்து எல்லோரையும் எதிர்க்கக் கிளம்ப வேண்டாம். யாராவது ஒன்று கேட்டால், ‘பார்த்துட்டு சாயங்காலம் சொல்றேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடிக்கட்டும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாகத் தணியும். என்ன நடக்கும் என்று பயந்தீர்கள், கடைசியில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த புடவையை யாருக்கும் படம் அனுப்பாமல் எடுங்கள். பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை. எது பிடிக்காது என்பதும் தெரிய வேண்டியதுதானே.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். கூட இருந்தவர்கள், ஆஷ் சொல்லிவைத்தபடி, வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, கண்ணுக்கு நேராகத் தெரிந்ததை விட்டுவிட்டுப் பலரும் ஒருமுறையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. நீங்கள் மறுப்பதைத் தப்பாக நினைக்காத ஒருவர் உங்களுக்கும் வேண்டும். அக்காவோ, அலுவலகத் தோழியோ, யாராவது ஒருவர்.

வீட்டில் மறுத்தால் அடி, மிரட்டல் என்ற நிலை இருந்தால் இந்தப் பயிற்சி உங்களுக்கு வேண்டாம். அங்கே பயம் நியாயமானது. 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

தோழியின் மாத்திரையை இனி வாங்காதீர்கள். பல தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும். தினமும் போட ஆரம்பித்திருந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆறு மாதத் தூக்கக் கேட்டை இதற்கு மேல் வளர விடாமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். சிலருக்கு எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சையே போதும். சிலருக்குச் சில மாதங்கள் மருந்தும் தேவைப்படும்; அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.