ஃபீஸ் பாக்கியும் கேஸ் கட்டும்

அன்புள்ள ஐயா,

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் மூன்று வருடமாகப் பிராக்டிஸ் செய்கிறேன். அணைக்கட்டுப் பக்கத்து அம்மா ஒருவர், தான் போட்ட பாகப்பிரிவினை வழக்கை என்னிடம் மாற்றப் பார்க்கிறார். இப்போது நடத்தும் சீனியரோ, "40,000 ரூபாய் பாக்கி. அதைக் கொடுத்துவிட்டு கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு போகட்டும்" என்கிறாராம். சம்மதக் கையெழுத்தும் போடவில்லை. அவர் எனக்கு மிகவும் வேண்டியவர். வாய்தாவுக்கு இன்னும் 19 நாள்தான். எது முறை?

ஆர்., வேலூர்

அன்புள்ள ஆர்.,

கட்டு அந்த அம்மாவுடையது. பாக்கி நிஜமாகவே இருந்தாலும் அதைக் காட்டிக் கட்டைப் பிடித்துவைக்க சீனியருக்கு உரிமை கிடையாது. 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. ஒப்பந்தச் சட்டம் 171-வது பிரிவின்படி பாக்கிக்காகச் சரக்கைப் பிடித்துவைப்பதுபோல வழக்குக் கட்டை வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் கட்டு சரக்கே அல்ல என்றது. அப்படி வைத்துக்கொள்வது தொழில் ஒழுங்கீனம் என்றும் சொன்னது. கட்டைப் பிடித்துவைத்த வக்கீலான சக்சேனாவுக்கு பார் கவுன்சில் (வக்கீல்களின் ஒழுங்கைக் கவனிக்கும் அமைப்பு) 18 மாதத் தடை விதித்திருந்தது. கோர்ட் அதைக் கண்டனமாகக் குறைத்தது. இந்தக் குறைந்த தண்டனையை இனி யாரும் முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்று அதே தீர்ப்பிலேயே எழுதியும் வைத்தது. கட்சிக்காரரின் பணம் கையில் மீதமிருந்தால் வழக்கு முடிந்தபின் ஃபீஸைக் கழித்துக்கொள்ள பார் கவுன்சில் விதி 29 வழிவிடுகிறது. அது பணத்துக்கு மட்டும்தான். பாக்கி வேண்டுமென்றால் சீனியர் சிவில் வழக்குப் போடட்டும்.

ஆனால் நீங்களும் நேராகப் போய் வக்காலத்து (இவர்தான் என் வக்கீல் என்று கட்சிக்காரர் எழுதித் தரும் பத்திரம்) தாக்கல் செய்துவிட முடியாது. ஏற்கெனவே வக்காலத்து இருக்கும் வழக்கில் அந்த வக்கீலின் சம்மதத்தோடு ஆஜராக வேண்டும். சம்மதம் கிடைக்காவிட்டால் காரணம் சொல்லி கோர்ட்டின் அனுமதி பெற்ற பிறகே ஆஜராக வேண்டும். இது பார் கவுன்சில் விதி 39. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 3 ரூல் 4-ன்படி, கோர்ட் அனுமதியோடு முடிவுக்கு வரும்வரை பழைய வக்காலத்து உயிரோடுதான் இருக்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான். சம்மதம் இல்லாத வக்காலத்து ரிட்டர்ன் ஆகும். அதைச் சரிசெய்து திரும்பப் போடுவதற்குள் வாய்தா வந்துவிடும். பழையவர் "அவர்தான் மாற்றிவிட்டாரே" என்று வரமாட்டார், புதியவரால் வரமுடியாது. எதிர்த்தரப்பு வந்து நின்றால் வாதி வராத வழக்கு டிஸ்மிஸ் ஆகும். 30 நாளுக்குள் மீட்பு மனு, அதற்குத் தனிச் செலவு, அலைச்சல். இரண்டு வக்கீல்களின் மனக்கசப்புக்கு அந்த அம்மா தண்டம் கட்டுவதை எந்த நியாயத்தாலும் ஒப்புக்கொள்ள முடியாது. அனுமதி உத்தரவு வரும்வரை வாய்தாவுக்கு ஆஜராகும் கடமை சீனியருடையது. இதை அவரிடம் மரியாதையாக, ஆனால் எழுத்தில் நினைவூட்டுங்கள்.

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். உங்களிடம் கேஸ் வந்தது அந்த அம்மாவின் முடிவால்தான் என்று அவருக்குத் தெரியட்டும். மூன்று நாளில் பதில் இல்லையென்றால் கடிதம். அது உங்கள் லெட்டர்ஹெட்டில் வேண்டாம், அந்த அம்மாவின் கையெழுத்தில் போகட்டும். வழக்கு எண், வாய்தா தேதி, திரும்ப வேண்டிய தாள்களின் பட்டியல், கொடுத்த பணத்துக்குக் கணக்கு (கேட்டால் தரவேண்டும் என்கிறது விதி 30), வாங்கிக்கொள்ள வரும் நாள், நேரம் இவை போதும். குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியை எடுத்துவையுங்கள். 19 நாளில் இதற்கு ஒரு வாரத்துக்குமேல் கொடுக்காதீர்கள். அதன்பின் அந்தக் கடித நகலை அம்மாவின் அபிடவிட்டோடு (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) சேர்த்து, வக்காலத்து மாற்ற அனுமதி மனு போடுங்கள்.

கட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பிராது, எதிர்வழக்குரை, உத்தரவுகளுக்கு இன்றே நகல் மனு போடுங்கள். பதிவான பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். எனக்குக் கவலை பதிவாகாத தாள்கள்தான். பழைய பாகப்பிரிவினை வழக்குக் கட்டுகளில் பெரும்பாலும் ஒரு கூர்சீட்டு (யாருக்கு எந்தப் பங்கு என்று குடும்பத்தார் எழுதிக்கொண்ட சீட்டு) இருக்கும். நாலாக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்து, கைநாட்டு மங்கிப்போன ஒற்றைத் தாள். அதற்கு எந்த ஆபீசிலும் நகல் கிடையாது. கிஸ்தி (நிலவரி) ரசீதுகளும் அப்படித்தான். அப்படி ஏதாவது கொடுத்திருக்கிறாரா என்று அந்த அம்மாவை உட்காரவைத்துக் கேளுங்கள். இருந்தால் பட்டியலில் முதல் வரியாக அதை எழுதுங்கள். கட்டு கைக்கு வரும்போது சீனியரின் குமாஸ்தா முன்னாலேயே தாள் தாளாக எண்ணுங்கள். "கட்டு பெற்றுக்கொண்டேன்" என்று மொத்தமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை தாள், அசலா நகலா என்று எழுதி இரண்டு பிரதியில் இருவரும் கையெழுத்திட வேண்டும். சீனியர் தனக்காக எழுதிவைத்த குறிப்புகளைக் கேட்காதீர்கள், அவை அவருடையவை என்பது என் கருத்து.

எதற்கும் மசியவில்லையென்றால், வழக்கறிஞர் சட்டம் 35-வது பிரிவில் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் செய்யலாம். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். அதனால் இந்த வாய்தாவுக்குப் புகார் உதவாது, அனுமதி மனுதான் உதவும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் அந்த அம்மாவே தீர்மானிக்கட்டும்.

பாக்கி எவ்வளவு என்று அந்த அம்மாவிடம் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். நியாயமான தொகையென்றால் தவணையாகவாவது கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபீஸையும் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சொத்தில் இத்தனை பங்கு என்று பேசாதீர்கள், விதி 20 அதைத் தடுக்கிறது.