கிறிஸ்துமஸை இறக்கி வைக்கும் நாள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை ஜனவரி 2ஆம் தேதியே கிறிஸ்துமஸ் தோரணங்களைக் கழற்ற ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறாம் தேதி வரை தொடாதே, அதைத் தாண்டி வைக்கவும் வைக்காதே" என்று அதட்டினார். அந்த ஆறாம் தேதி 'பெண்களின் கிறிஸ்துமஸ்' என்று சொல்லி வார்டில் இருக்கும் ஐரிஷ் தோழிகள் என்னைச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வீட்டில் ஆண்கள்தான் சமைக்க வேண்டுமாம். இதெல்லாம் நிஜமாகவே பழைய வழக்கமா, இல்லை ஹோட்டல்காரர்கள் கிளப்பிவிட்டதா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

பழையதுதான். ஹோட்டல்காரர்கள் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டவர்கள். ஐரிஷ் மொழியில் இதற்கு 'நொல்லிக் ந மான்' என்று பெயர். மூன்று ராஜாக்கள் குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த திருநாள் அது. மற்ற இடங்களில் மங்கிப்போன பிறகும் உங்கள் கார்க்கிலும் பக்கத்துக் கெர்ரியிலும் விடாமல் இருந்தது. பன்னிரண்டு நாள் அடுப்படியில் நின்ற பெண்கள் அன்றைக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து தேநீரும் உலர்திராட்சை கேக்கும் சாப்பிடுவார்கள். மாட்டிறைச்சியும் விஸ்கியும் டிசம்பர் 25இல் வருகிற ஆண்களின் பெரிய கிறிஸ்துமஸோடு சரி. கோழி, முட்டை விற்று வந்த காசு பண்ணை வீடுகளில் பெண்களுடையது, அதில் மிச்சம் இருந்ததை இந்த நாளில் செலவு செய்வார்கள்.

இதைப் பெண் விடுதலை என்று நான் கொண்டாட மாட்டேன். 364 நாளுக்கு ஒரு நாள்! அதற்கும் ஒரு நக்கல் பழமொழி வைத்திருக்கிறார்கள்: ஆண்களின் கிறிஸ்துமஸ் நல்ல பெரிய கிறிஸ்துமஸ், பெண்களின் கிறிஸ்துமஸ் உதவாத கிறிஸ்துமஸ். சொன்னது யாராக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் பாட்டி சொன்னது. முன்னாலே எடுத்தாலும் கேடு, தாண்டி வைத்தாலும் கேடு, ஆறாம் தேதியோடு இறக்கிவிட வேண்டும். ஆனால் சில வீடுகளில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கிற முள் இலை ஹாலி தழையைக் குப்பையில் போட மாட்டார்கள். காயவைத்து எடுத்து வைத்து, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பான்கேக் சுடும்போது அடுப்பில் போடுவார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஜனவரி ஆறுக்கு முந்தின ராத்திரியும் அதன் மெழுகுவர்த்திகளும்தான். அயர்லாந்தின் நடுவில் இருக்கும் வெஸ்ட்மீத் பக்கம் ஒரு சல்லடை நிறைய ஓட்ஸைக் கொட்டி, சுற்றிலும் பன்னிரண்டு மெழுகுவர்த்தி, நடுவில் பெரிதாக ஒன்று என்று ஏற்றி உயரத்தில் வைப்பார்கள் என்று 1682இலேயே சர் ஹென்றி பியர்ஸ் எழுதி வைத்திருக்கிறார். நடுவில் ஏசு, சுற்றிலும் அப்போஸ்தலர்கள். மெழுகுவர்த்தி வாங்க முடியாதவர்கள் கோரையின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் தக்கையைக் கொழுப்பில் தோய்த்துக் காயவைத்து, அதையே பலகையில் அப்பிய சாணியில் குத்தி ஏற்றினார்கள். இங்கேதான் விஷயம் கொஞ்சம் திகிலாகிறது. ஒவ்வொரு திரிக்கும் வீட்டில் ஒருவர் பெயரை வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், யார் திரி முதலில் அணைகிறதோ அவர்தான் முதலில் சாவார். ஜன்னல் இடுக்கில் காற்று வருகிற பக்கம் யார் திரியைக் குத்துவது என்று சண்டை வந்திருக்காதா? எனக்கென்னவோ வந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அதே நடுராத்திரியில் தண்ணீர் ஒயினாகும், கோரை பட்டாகும், சரளைக்கல் தங்கமாகும் என்றும் சொல்வார்கள். ஆனால் போய்ப் பார்க்கக் கூடாது.

ஜனவரி 6க்கு இன்னொரு ஞாபகமும் அங்கே உண்டு. 1839இல் அன்றைக்கு ராத்திரி அடித்த புயல் கூரைகளைப் பிய்த்து, 200க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தேவதைகள் அயர்லாந்தை விட்டுப் போனதே அந்த ராத்திரிதான் என்று கிராமத்தில் பேச்சு. 'பெரிய காற்று அடித்த ராத்திரி' என்றே அதற்குப் பெயர். அப்படியே எழுபது வருஷம் ஓடியது. 1909 ஜனவரியில் முதியோர் பென்ஷன் வந்தது. 70 வயது ஆகியிருந்தால் வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங். பிறப்பைப் பதிவு செய்ததே 1864இலிருந்துதான் என்பதால் கிழவர்கள் கையில் சான்றிதழ் ஏது? அதனால் வயதைத் தெரிந்துகொள்ள, பெரிய காற்று ஞாபகம் இருக்கிறதா என்று பென்ஷன் அதிகாரிகள் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள், அந்த ராத்திரி பிறந்த குழந்தைக்குக்கூடச் சரியாக எழுபது! திடீரென்று நாடு முழுக்க எல்லோருக்கும் அந்தக் காற்று ஞாபகம் வந்துவிட்டது. உருளைக்கிழங்கைக் கையில் பிடித்துத் தின்கிற வயசு எனக்கு அப்போது என்று சொல்லிச் சொல்லிப் பென்ஷன் வாங்கியிருக்கிறார்கள்.

பாட்டி வீட்டில் ஹாலியை எடுத்து வைக்கிற வழக்கம் இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். கோரைத் திரியை அவர் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு, இருந்தாலும் அதையும் கேளுங்கள்.