ஐபோனில் வராத வசதி: வழக்கு முடியும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் வெப் ஆப் ஆண்ட்ராய்டு குரோமில் நன்றாக ஓடுகிறது. ஐபோனில் நோட்டிபிகேஷன் வருவதில்லை, புளூடூத் கருவியை இணைக்கும் பக்கமும் வேலை செய்யவில்லை. பயனர்களை 'குரோம் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடலாமா? இல்லை, ஆப்பிள் மீதுள்ள ஏகபோக வழக்குகள் முடிந்தால் தானாகவே சரியாகிவிடுமா?

பதில்: முதலில் அந்தக் குரோம் யோசனையை விடுங்கள். ஐபோனில் இருப்பது பெயருக்குத்தான் குரோம். உள்ளே ஓடுவது ஆப்பிளின் சஃபாரி பிரௌசரில் இருக்கும் வெப்கிட் எஞ்சின், அதாவது பக்கத்தின் கோடைப் படித்துத் திரையில் காட்டும் பகுதி. ஆப் ஸ்டோர் விதி அப்படி, பயர்பாக்ஸுக்கும் அதே கதிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 அங்கே மற்ற எஞ்சின்களுக்குக் கதவைத் திறந்தது. ஆனால் திறந்த கதவு வழியாக யாரும் முண்டியடித்து வந்துவிடவில்லை.

நோட்டிபிகேஷனுக்கு நீங்கள் காத்திருக்கவே வேண்டாம். 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4 முதல் அது இருக்கிறது. பயனர் ஷேர் பட்டனைத் தட்டி, தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து, அங்கிருந்து திறந்து, ஒரு பட்டனை அழுத்தி அனுமதி தந்தால்தான் வரும். குரோம் மாதிரி 'இன்ஸ்டால் செய்யவா?' என்று உங்கள் பக்கம் கேட்க வழியில்லை, அதனால் படம் போட்டு விளக்கும் ஒரு சின்னத் திரையை நீங்களே வைக்க வேண்டியதுதான். குரோம் இதை 2015லேயே தந்துவிட்டது. எட்டு வருட இடைவெளிக்குத் தொழில்நுட்பச் சிக்கல் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். வெப் ஆப்பிலேயே எல்லாம் கிடைத்தால் ஆப் ஸ்டோருக்கு யார் போவார்கள்?

சரி, வழக்குகள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு 1998லேயே வழக்குப் போட்டது. ஆனாலும் 2001இல் வந்த 6ஆம் பதிப்புக்குப் பிறகு 2006 வரை அடுத்த பதிப்பே வரவில்லை, ஏனென்றால் போட்டி பிரௌசரான நெட்ஸ்கேப் வீழ்ந்துவிட்டது, எதிரில் ஆளில்லை. பின்னணி இல்லாத பிஎன்ஜி லோகோவைப் போட்டால் சுற்றிலும் சாம்பல் கட்டம் தெரியும். அதை மறைக்க நாங்கள் செய்யாத குறுக்கு வேலை கிடையாது. 2004இல் பயர்பாக்ஸ் வந்து ஆட்களை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அசைவு தெரிந்தது.

அதே நேரம், தீர்ப்பு வருவதற்கு முன்பே பயம் வேலை செய்வதும் உண்டு. 2007 டிசம்பரில் பிரௌசர் நிறுவனமான ஓபெரா, வலைத் தரங்களை (எல்லா பிரௌசருக்குமான பொது விதிகளை) மைக்ரோசாஃப்ட் மதிக்கவில்லை என்பதையும் சேர்த்து ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தது. எக்ஸ்ப்ளோரரின் 8ஆம் பதிப்பு இயல்பாகப் பழைய முறையிலேயே பக்கங்களைக் காட்டும் என்று 2008 ஜனவரியில் சொன்ன மைக்ரோசாஃப்ட், மார்ச்சில் பல்டி அடித்துத் தரத்தையே இயல்பாக்கியது. இதனால் சட்டரீதியான கேள்விக்கு இடமிருக்காது என்று அதன் தலைமை வழக்கறிஞரே சொன்னார். ஐரோப்பாவில் ஹோம் ஸ்கிரீன் வெப் ஆப்களை நீக்கப்போவதாக 2024 பிப்ரவரியில் சொன்ன ஆப்பிளும் எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 1இல் பின்வாங்கியது.

அதற்காக எல்லாவற்றுக்கும் கோர்ட்டை நம்ப முடியாது. புளூடூத்தையே எடுங்கள்: தனியுரிமை, பாதுகாப்பு என்று சொல்லி ஆப்பிள் மட்டுமல்ல, காப்பாற்றிக்கொள்ள ஆப் ஸ்டோரே இல்லாத, பயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லாவும் மறுக்கிறது. நாளைக்கே ஐபோனில் எல்லா எஞ்சினும் வந்தாலும் சஃபாரியில் இது வரும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சின்ன நேட்டிவ் ஆப் (ஐபோனிலேயே இன்ஸ்டால் ஆகும் ஆப்) எழுதுங்கள்.

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் விஷயம் வேறு. அதில் யாருக்கும் வருமான நஷ்டம் இல்லை, அதனால் போட்டி போட்டுக்கொண்டு வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும் ':has()' முதலில் வந்தது சஃபாரியில்தான், 2022 மார்ச்சில்; பயர்பாக்ஸுக்கு 2023 டிசம்பர் ஆனது. ஆகவே ஒரு வசதி தாமதமானால், அது வந்தால் யாருக்கு நஷ்டம் என்று முதலில் பாருங்கள். யாருக்கும் இல்லையென்றால் பொறுக்கலாம்.

குரோமுக்கு மட்டும் எழுதுவதா? 2020இல் மைக்ரோசாஃப்டின் எட்ஜும் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறிய பிறகு மிஞ்சியிருப்பது மூன்று பெரிய எஞ்சின்கள்தான். அதில் பயர்பாக்ஸுக்குச் சோறு போடுவது பெரும்பாலும், தன் தேடலை இயல்பாக வைப்பதற்காகக் கூகுள் தரும் பணம். கூகுள் மீதான ஏகபோக வழக்கில் 2025 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அந்தப் பணத்தை அடியோடு தடை செய்யவில்லை, குரோமை விற்கவும் சொல்லவில்லை. தடை வந்திருந்தால் ஏகபோகத்தை உடைக்கப் போட்ட வழக்கே ஒரு போட்டியாளரைச் சாய்த்திருக்கும். உங்கள் டெஸ்ட் பட்டியலில் பயர்பாக்ஸையும் ஒரு நிஜ ஐபோனையும் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள், சிமுலேட்டரோடு நிறுத்திவிடாதீர்கள்.